சன்னலோரம் கண்ட கோட்டை

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு இரயிலில் செல்வோர், மாவேலிபாளையத்தைத் தாண்டியதும் சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் ஒரு பாறை மலையைக் காண்பர். "அது என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "சங்ககிரிக் கோட்டை" என்று பெரியவர்கள் விடை கூறுவார்கள். அதற்குள் வண்டி காவிரிப் பாலத்தை நோக்கி விரைந்துவிடும். நாமும் பல்லாண்டுகள் அம்மலையை அவ்வாறு பார்த்துக் கடந்தவர்களே.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், மச்சு பிச்சு என்னும் பழைய மலைநகரைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். பெரும்பாலோர் அடிவாரம் வரை இரயிலில் செல்கின்றனர். இன்கா மக்கள் அந்நகரை எழுப்பியது 15-ஆம் நூற்றாண்டில். நம் சங்ககிரிக் கோட்டையும் விசயநகர ஆட்சியில், அதே நூற்றாண்டில் எழுந்ததாகவே கூறப்படுகிறது. இங்கும் இரயில் உண்டு, அதுவும் பழமையானதே. இராயபுரத்திலிருந்து 1856-இல் தொடங்கிய இருப்புப்பாதை 1861-இல் சேலத்தையும், அவ்வாண்டின் இறுதியில் சங்ககிரியையும் எட்டியது. இந்நிலையத்தின் பெயரோடு 'துர்க்கம்' என்னும் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையரண் என்பது அதன் பொருள்.

நாம் முதன்முறை அங்குச் சென்றது ஒரு மே மாதத்தில். காலை வண்டியைத் தவறவிட்டு, அடுத்த வண்டியில் வந்து இறங்கி, வெயில் உச்சிக்கு வரும் வேளையில் மலையேறத் தொடங்கினோம். நம்முடன் நான்கு இளைஞர்களும், அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வந்தனர். கொண்டு சென்ற நீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. பாறை காலடியில் கொதித்தது. ஆசிரியருக்குத் தலை சுற்றவே, மதில் நிழலில் அவரை அமர்த்தினோம்.

"இன்னும் சிறிது தூரந்தானே, சாமி! நாம் மட்டும் போய் வந்துவிடலாம்" என்றனர் இளைஞர்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஆவல் நமக்கும் இருந்தது. ஆயினும் அவரைத் தனியே விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. இளைஞர் ஒருவர் கீழே ஓடி நீர் கொணர்ந்தார். பின்னர் அனைவரும் இறங்கினோம். வழியில் ஆசிரியர் மெல்லச் சிரித்து, "ஐந்நூறு ஆண்டு நின்ற கோட்டை, மார்கழி வரை நிற்காதா?" என்றார்.

மார்கழியில் முதல் வண்டிக்கே புறப்பட்டோம். ஆளுக்கு இரண்டு குப்பி நீரும், இட்லிப் பொட்டலமும் கொண்டு சென்றோம். நிழல் கண்ட இடமெல்லாம் அமர்ந்து, ஆசிரியரின் நடைக்கு ஏற்பவே அனைவரும் ஏறினோம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 அடி உயரமுள்ள அம்மலையை, அடுக்கடுக்காகப் பதினான்கு மதில்கள் காப்பதாகக் கூறுவர். ஒரு வாயிலைக் கடந்தால் மற்றொன்று எதிர்ப்படுகிறது. பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே மலையில் உள்ளன. ஆங்கிலேயர் காலக் கட்டடங்களும் சிதைந்து நிற்கின்றன. திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த இப்பகுதி, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன்பின் கோட்டை அவர்களுடைய படைத்தளமாயிற்று.

இங்கேதான் தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்டார். காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்து, ஓடாநிலையில் கோட்டை கட்டி, கும்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்டவர் அவர். உடன்பிறந்தாரும் அவரோடு மாண்டனர். ஆடிப் பதினெட்டாம் நாளில் மக்கள் இன்றும் இவ்வூரில் கூடி அவரை நினைவுகூர்கின்றனர்.

இதை ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கையில், இளைஞர் ஒருவர் கூரிய கல்லொன்றை எடுத்து மதிலில் தம் பெயரைக் கீறத் தொடங்கினார். சுற்றிலும் அத்தகைய கிறுக்கல்கள் ஏராளம். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, சின்னமலை இந்தச் சுவரில் தம் பெயரை எழுதி வைத்தாரா?" என்று மட்டும் கேட்டார். கல் கீழே விழுந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு ஈராண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த இளைஞரைத் தடுத்ததோ அந்த ஒரு கேள்வியே.

வாசகர்களே, விடுமுறையில் பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று வாருங்கள். விரைவு வண்டிகள் பல இங்கு நிற்பதில்லை. ஆதலால் பயணிகள் வண்டியின் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து மலையடிவாரம் சற்றுத் தொலைவு. பேருந்தையோ ஆட்டோவையோ நாடலாம். கோடையைத் தவிர்த்து விடியலிலேயே ஏறுங்கள். நீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோன காகிதத்தையும் குப்பியையும் திரும்பக் கொண்டு வாருங்கள். தனியே ஏறாதீர்கள், கூட்டத்தில் மெல்ல நடப்பவர் எவரோ, அவருடைய நடையே அனைவரின் நடையாகட்டும். அவருக்கு இயலாது போனால், உச்சியைக் காணாமல் திரும்புவதில் குறையொன்றுமில்லை. கோட்டை அங்கேயேதான் இருக்கும்.