வீட்டுக் கோப்பு வீட்டோடு இருக்கட்டும்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். பீடோங், பாடாங் செராய் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் தாத்தாவின் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வீட்டுக் கணினியில் எல்லாருக்கும் பகிர்ந்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அவற்றில் பல தொலைந்தால் மறுபடி கிடைக்காது; பகிர்வே ஆபத்துக்கும் வழியாகலாம்.

விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445ஆம் போர்ட் (இணைப்பு வாசல்) வழியாக நடக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை கிருமி சுமார் 150 நாடுகளில் பரவியது இதே வழியில்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தத் தொடர்பை உள்ளே விடலாம் என்று பார்க்கும் வாசற்காவல்தான் ஃபயர்வால். வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்றும், கோப்பிக்கடை வைஃபையை 'பப்ளிக்' என்றும் குறியுங்கள். ஃபயர்வால் விதியில் 445க்கு 'லோக்கல் சப்நெட்' (வீட்டு நெட்வொர்க்) மட்டும் போதும். ரௌட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. விருந்தாளிகளுக்குத் தனி 'கெஸ்ட்' வைஃபை கொடுங்கள். பகிர்வில் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கி, ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் வையுங்கள்.

ஃபயர்வால் மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.