வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை

கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அது குடும்பம் முழுவதற்குமான வெற்றி. அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது விரிவுரைகளை ஆங்கிலத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே குழுவாகப் பிரசன்டேஷன் செய்யச் சொல்கிறார்கள். முந்தைய இரவு தூக்கம் இல்லை. காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, கை நடுங்குகிறது. உடம்புக்கு முடியவில்லை என்று நண்பனிடம் சொல்லிவிட்டு விடுதி அறையிலேயே படுத்துக்கொள்கிறது.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே "அடக்கமான பிள்ளை, அதிகம் பேசாது" என்று பெருமையாகச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். அந்தப் பெருமையே பல வருடம் நோயை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

கூச்சம் பலருக்கும் உண்டு, பழகப் பழகக் குறையும். மற்றவர்கள் நம்மை எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வகுப்பையும் சாப்பாட்டுக் கடையையும் நண்பர்களையும் தவிர்க்க வைத்தால், மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கும். செய்வினை, கண்ணேறு என்று அலைவதில் காலம்தான் போகும்.

இந்தப் பயம் வளரும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பேச எழுந்ததும் கவனம் முழுவதும் தன் குரல் மேலும் வியர்வை மேலும் திரும்பிவிடுகிறது. எதிரே இருப்பவர்களின் முகம் கண்ணில் படுவதே இல்லை. அன்று வகுப்புக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. போகாததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ள, அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது. சிலர் தைரியத்துக்கு மதுவைத் தொடுகிறார்கள். சம்சு எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சிதைத்தது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. தவிர்த்ததைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைப்பதே அதன் உயிர். முதலில் கடையில் வாய்விட்டு ஆர்டர் சொல்வது, பிறகு வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் ஒரு சந்தேகம், அப்புறம் டியூட்டோரியலில் ஒரே ஒரு கேள்வி. ஸ்லைடைப் பார்த்தே வாசிப்பது, போனுக்குள் தலையைப் புதைப்பது போன்ற மறைவுகளையும் விட வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் மருந்து தருவார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. படபடப்புக்கு நண்பன் தரும் புரோப்ரனோலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து.

உங்களுக்குப் பாதுகாப்பும் உண்டு. பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர், நீங்கள் சொன்னதை ரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. மருத்துவர் கடிதத்தோடு முதலில் சிறு குழுவின் முன் பேச அனுமதி கேட்கலாம். முழு விலக்கு மட்டும் கேட்காதீர்கள், அது பயத்துக்குத் தீனி. படிப்பைத் தொடரவே முடியாத நிலை என்றால், கெடு தேதிக்கு முன்பே செமஸ்டரை ஒத்திவைக்க விண்ணப்பியுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் பட்டம் கிடைக்காது, பிடிபிடிஎன் கல்விக் கடன் மட்டும் கழுத்தில் இருக்கும். உச்சரிப்பைக் கிண்டல் செய்து வீடியோ போடுகிறவர்களைப் பற்றியும் புகார் செய்யலாம். துன்புறுத்தலைக் குற்றமாக்கும் பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்தன.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கேயே கேள்வித்தாள் கொடுத்து மனநலத்தைச் சோதிப்பார்கள். தேவையானால் மேல்சிகிச்சைக்குக் கடிதம் தருவார்கள். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது.

உயிரை விடத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பெஃப்ரெண்டர்ஸை 03-7627 2929 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. போலீஸ் வருமோ என்று பயந்து வாயை மூடியிருக்கத் தேவையில்லை.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளைக்குப் போன் போடும்போது மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், வகுப்பில் யாரோடு உட்காருகிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். மாணவரே, இந்த செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஆலோசனை மையத்தில் பெயர் கொடுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினாலும் போதும்.