வினையெச்சம் அறிந்தவனுக்கு ஆங்கிலம் அச்சமோ?

ஒசூர் நெடுஞ்சாலையில் உள்ள நம் சந்தாபுராவில், பிழைப்பு நாடிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. தொழிற்சாலையில் உழைக்கும் பெற்றோர்க்கு, மகன் அரசாங்க உத்தியோகம் பெறவேண்டும் என்பதே அவா. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில், முதற்கட்டத்தின் 100 வினாக்களுள் 25 ஆங்கிலத்திற்குரியவை. சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறினால் அரை மதிப்பெண் கழிவு.

அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அண்மையில் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். “வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழ்ப் பாடத்தை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். மாதிரி வினாத்தாளில் பையன் தவறவிட்ட வாக்கியம் இது: “வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி டிரெயின் லெஃப்ட்.”

“தம்பி, இதை அப்படியே தமிழில் சொல்” என்றோம்.

“நிலையத்திற்கு நடந்து, ரயில் புறப்பட்டது” என்றவன், தானே நகைத்துவிட்டான். “ரயிலா நடந்தது, அண்ணா?”

பிழை அகப்பட்டுவிட்டது! ‘செய்து’ என்னும் வினையெச்சம், தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பியம் வினையியலில் வகுத்த விதி. நடந்தவர் எவரோ அவரே அடுத்த வினையையும் செய்தல் வேண்டும். ஆங்கிலமும் இதனையே கேட்கிறது. “வாக்கிங் டு தி ஸ்டேஷன், வீ மிஸ்டு தி டிரெயின்” என்றால் நடந்தவரும் ரயிலைத் தவறவிட்டவரும் நாமே, வாக்கியம் செம்மையுறும்.

அடைமொழியின் இடமும் இத்தகையதே. ‘அவன் மட்டும் நேற்று வந்தான்’ என்பதும் ‘அவன் நேற்று மட்டும் வந்தான்’ என்பதும் ஒன்றல்ல. நம் ‘மட்டும்’ தான் தழுவும் சொல்லின் பின் நிற்கும். ஆங்கில ‘ஒன்லி’ பெரும்பாலும் முன் நிற்கும். “ஒன்லி ஹீ கேம் எஸ்டர்டே” என்பது முதலாவது. “ஹீ கேம் ஒன்லி எஸ்டர்டே” என்பது இரண்டாவது. எந்தச் சொல்லைத் தழுவுகிறதோ அதனை ஒட்டியே வைத்தல் வேண்டும்.

இனி, இணையமைப்பு. “ஷீ லைக்ஸ் ரீடிங், சிங்கிங் அண்டு டு குக்” என்பது பிழை. ‘படிப்பதையும் பாடுவதையும் சமைக்கவும் விரும்புகிறாள்’ என்றால் நம் செவியே ஏற்பதில்லை. ‘சமைப்பதையும்’ என எண்ணும்மை ஓரினமாய் அடுக்கிவரல் வேண்டும். அவ்வாறே அங்கும் ‘குக்கிங்’ என்றிருத்தல் வேண்டும். ‘நாட் ஒன்லி’ என்பதன் பின் வரும் சொல் எவ்வகையோ, ‘பட் ஆல்ஸோ’ என்பதன் பின்னும் அவ்வகையே வரவேண்டும்.

ஆகவே பிள்ளைகட்கு மூன்று வினாக்கள் போதும்: இவ்வினையைச் செய்தவர் யார்? இவ்வடை எதனைத் தழுவுகிறது? அடுக்கியவை ஓரினமா?

தமிழ் இரண்டிற்கும் பொருந்தாத இடங்களும் உள. ஆங்கிலச் சொற்களையும் மரபுத் தொடர்களையும் தனியே பயின்றே தீரவேண்டும். எனினும், வாக்கியத்தின் செம்மையை உணரும் செவி தாய்மொழியிலேயே அமைகின்றது. அதனை அடைத்துவிட்டு அயல்மொழி கற்பிக்க முயல்வது, அடித்தளத்தைப் பெயர்த்து மாடி கட்டுவதை ஒக்கும்.

அவ்வம்மையார் தமிழ்ப் பாடத்தை நிறுத்தவில்லை. பெற்றோர்களே, நீங்களும் நிறுத்தாதீர்கள்!