எல்லை கடந்த பண்டத்துக்கு வரி யாருக்கு?

எங்கள் தருமபுரி மாவட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. பெங்களூரிலிருந்து நாள்தோறும் பண்டங்கள் இங்கு வந்து இறங்குகின்றன. அங்கே விற்று இங்கே பயன்படும் பொருளுக்கு உரிய வரி எந்த மாநிலத்தின் கஜானாவைச் சேரவேண்டும்? இதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தபோது, 1939-ஆம் ஆண்டில், பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. மற்ற மாகாணங்களும் இத்தகைய வரியை விதிக்கத் தொடங்கின. நாளடைவில், விற்ற இடம், வாங்கிய இடம் இரண்டும் ஒரே பண்டத்துக்கு வரி கேட்கலாயின. பண்டம் நுகரப்படும் மாநிலமே வரி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1953-இல் கூறிற்று. 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அக்கருத்தை அதுவே மாற்றிக்கொண்டது. குழப்பம் தீர, 1956-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மத்திய விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மத்திய அரசாங்கத்துடையது. வசூலான தொகையோ பண்டம் புறப்பட்ட மாநிலத்துக்குச் சென்றது.

இதில் ஒரு குறை இருந்தது. தொழிற்சாலைகள் மிகுந்த மாநிலம் பயன் பெற்றது. வாங்குவோர் கொடுத்த வரி அவர்கள் ஊர்ப் பள்ளிக்கோ சாலைக்கோ வந்து சேரவில்லை.

2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி இம்முறையைத் தலைகீழாக்கிற்று. பெங்களூர் வியாபாரி ஒருவர் 40,000 ரூபாய் விலையுள்ள மடிக்கணினியைத் தருமபுரிக்கு அனுப்புவதாகக் கொள்வோம். 18 சதவிகித வரி 7,200 ரூபாய். அதில் மத்திய அரசாங்கத்துக்கு 3,600, தமிழ்நாட்டுக்கு 3,600. கர்நாடகத்துக்கு ஒன்றுமில்லை.

அமெரிக்காவிலும் இதே வினா எழுந்தது. தம் எல்லைக்குள் கடையே இல்லாத வெளி மாநில வியாபாரிகளையும் வரி வசூலித்துச் செலுத்தச் சொல்ல மாநிலங்களுக்கு உரிமை உண்டு என, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

சரி, நாமே பெங்களூர் சென்று கடையில் வாங்கினால்? 2023 அக்டோபர் முதல், வணிகராகப் பதிவு பெறாத சாதாரண நுகர்வோருக்கு ஒரு விதி உண்டு. பில்லில் நம் முகவரி இருந்தால், வரி நம் மாநிலத்துக்கு; இல்லையேல் கடைக்காரரின் மாநிலத்துக்கு. மாநிலத்தின் பெயரைக் குறித்தாலே போதும். நாம் கொடுக்கும் தொகை ஒன்றே. அது சென்று சேரும் இடம் மட்டுமே மாறுகிறது. ஆகவே பில் கேட்டு வாங்குங்கள். அதில் ‘தமிழ்நாடு’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.