பெட்டகத்துக்குள் போகாத பயிர்கள்

வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் மலையைக் குடைந்து 2008 பிப்ரவரியில் திறந்த விதைப் பெட்டகத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. 45 லட்சம் மாதிரிகளுக்கு அங்கே இடம் இருக்கிறது. மைனஸ் 18 டிகிரிக் குளிரில் இதுவரை 13 லட்சத்துக்கு மேல் அடுக்கியாயிற்று. அணுகுண்டு விழுந்தாலும் விண்கல் மோதினாலும் உலகம் மறுபடி உழுது விதைக்க அது உதவும் என்று சொல்கிறார்கள். மதுக்கரைச் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காட்டுக்காரருக்கும் இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை ஆகியவற்றின் பல்லாயிரம் ரகங்களை ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் வைத்திருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம், தன் சேமிப்பின் நகல்களை அந்தத் தீவுக்கு அனுப்பி வருகிறது. ஆனால் கொங்கு நாட்டில் பணம் புரள்வது பொள்ளாச்சித் தென்னையிலும் ஈரோட்டு மஞ்சளிலும் கோபி, சத்தி பக்கத்துக் கரும்பிலும் வாழையிலும். இந்த நான்கில் ஒன்றைக்கூட, தோட்டத்தில் நிற்கும் அதே ரகமாக, அந்தப் பெட்டகத்தில் வைக்க முடியாது. நம் பக்கத்தில் பேரழிவைப் பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

விதையைக் காப்பதில் பாதி வேலை உலர்த்துவது. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வெப்பநிலை ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. விதைச் சேமிப்பில் இதை ஹாரிங்டன் விதி என்பார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்த நம் பாட்டிமார் விதியின் பெயர் தெரியாமலே அதன்படி நடந்தவர்கள். நெல்லும் சோளமும் இப்படிக் காய்ந்தும் உயிரோடு இருக்கும். தென்னைக்கு அது ஆகாது. முளைத்து வர வேண்டிய காயை வற்றக் காயவைத்தால் கரு செத்துப்போகும், உறையவைத்தாலும் செத்துப்போகும். மஞ்சளில் நாம் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலும் மும்மடியம், அதாவது குரோமோசோம்கள் மும்மூன்றாக இருப்பவை, என்பதால் விதை பிடிப்பதே அரிது. கிழங்கைத்தான் வருடாவருடம் ஊன்றியாக வேண்டும். தின்கிற வாழைப்பழத்தில் விதையே கிடையாது. கரும்பின் கதை வேறு, அது கோயம்புத்தூரின் கதையும்கூட.

கரும்புக்கு விதை உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். பூத்த கரும்பின் கதிரை உதிர்த்தால் வெண்பஞ்சு போலப் பறக்கும். அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தட்டுப்படாத அளவில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும். வட இந்தியாவில் அது சுலபத்தில் பிடிக்காது. கோவையில் கரும்பு பூத்து விதை கட்டுவதால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் 'வெள்ளை' என்ற பருத்த கரும்போடு இந்தப் பக்கத்துக் காட்டுக்கரும்பைச் சேர்த்து உண்டாக்கிய 'கோ 205' 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அந்தப் பஞ்சை உலர்த்திக் குளிரில் வைத்தால் சில ஆண்டுகள் கெடாது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு புதுச் செடியாக முளைக்கும். 'கோ 86032' வேண்டுமானால் அதன் கரணையை நட்டால்தான் உண்டு. ஆகவே விதையில் மரபணுக்கள் மிஞ்சுமே ஒழிய ரகம் மிஞ்சாது. உலகத்துக் கரும்பு இனங்களின் தொகுப்பை இதனால்தான் வயலில் உயிரோடு வளர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட உலகத் தொகுப்பு இரண்டே இரண்டு. ஒன்று அமெரிக்காவின் மயாமியில் இருக்கிறது. மற்றது கோவை நிலையத்தின் கண்ணூர் மையத்தில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளோடு நிற்கிறது.

விண்கல்லும் அணுகுண்டும் நம் ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். வர வேண்டாம், செவ்வழுகல் வந்தால் போதும். நோய் பிடித்த கரும்பை நெடுக்குவாட்டில் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகளோடு, புளித்த வாடை அடிக்கும். கோவை நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவான 'கோ 0238' 2009-இல் வெளிவந்து, சில ஆண்டுகளிலேயே உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பரப்பில் ஒரே ரகம் நின்றதால் செவ்வழுகலுக்கு விருந்து வைத்தது போலாயிற்று. இன்று அதை மாற்றச் சொல்லி அரசே விவசாயிகளைக் கெஞ்சுகிறது. தமிழ்நாட்டில் 'கோசி 671' இதே நோயிடம் தோற்றது அதற்கும் முந்தின கதை. தென்னையில் கேரள வேர்வாடல் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்குள் வந்து வருடங்களாகின்றன. பேரழிவு என்றதும் இடி முழக்கத்தோடு வரும் ஒன்றையே நினைத்துக்கொள்கிறோம். பயிருக்கு வருவது பெரும்பாலும் கரணையோடும் நாற்றோடும் லாரி ஏறித்தான் வருகிறது. உயிரோடு நிற்கும் தொகுப்பின் பலவீனமும் அதுவே. வயலில் இருக்கும் பயிரைத் தாக்கும் நோய் காப்பகத்தில் இருக்கும் பயிரை மட்டும் விட்டுவைக்குமா? பப்புவா நியூ கினியின் மடாங் பகுதியில் இருந்த பன்னாட்டுத் தென்னைத் தொகுப்பு, போகியா என்ற நோய் வாசல்வரை வந்துவிட்டதால் வேறிடம் தேட வேண்டிய நிலைக்கு ஆளானது.

இதைச் சொல்வதால் பனித்தீவுப் பெட்டகம் வீண் என்று ஆகிவிடாது. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த இகார்டா மையம், போருக்கு முன்பே தன் கோதுமை, பார்லி விதைகளில் பெரும்பகுதியின் நகலை ஸ்வால்பார்டுக்கு அனுப்பியிருந்தது. போரால் மையத்தை விட்டு வெளியேற நேர்ந்தபின், 2015-இல் அங்கிருந்து சுமார் 38,000 மாதிரிகளைத் திரும்ப எடுத்து மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கியது. 2017-இல் புது விதையைப் பெட்டகத்துக்கே திருப்பி வைக்கத் தொடங்கிவிட்டது. நம் விதையை வெளிநாட்டான் கையில் கொடுப்பதா என்ற சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கொடுத்தவர் தவிர வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது என்பதுதான் ஒப்பந்தம். இந்தியாவிலும் தில்லியின் தேசிய மரபணு வங்கியில் நாலரை லட்சத்துக்கு மேல் மாதிரிகள் உண்டு, லடாக்கின் சாங் லாவில் 17,000 அடிக்கு மேல் உறைபனியில் ஒரு காப்பகம் உண்டு. பழைய விதை என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1970-களில் ஆசிய நெல்வயல்களைக் குட்டைப் புல் நோய் அழித்தபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் உத்தரப் பிரதேசத்துக் காட்டுநெல் ஒன்றில்தான் எதிர்ப்பு கிடைத்தது. அதிலிருந்து பிறந்த ஐ.ஆர். 36-இன் பரம்பரையில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டாம்பியின் நெல்லும் கலந்திருக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு: விதை விவசாயி கையில் இருக்கட்டும், குளிர்பெட்டியில் தூங்கும் விதை காலத்தோடு மாறாது என்று. இதில் நியாயம் இருக்கிறது. நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது உழவர்களைக் கொண்டுதான். வயலில் வருடாவருடம் வெயிலும் பூச்சியும் தேர்ந்தெடுத்த விதைக்கு இருக்கும் பழக்கம், இருபது வருடம் உறைந்த விதைக்கு இருக்காது. ஆனால் விவசாயியின் விதை, விலை கிடைக்கும் வரைதான் விதை. இரண்டு வருடம் மழை தப்பினாலோ வாரிசு நகரத்துக்குப் போனாலோ ரகம் போயிற்று. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். தென்னைக்கும் மஞ்சளுக்கும் இது இன்னும் பொருந்தும். மரமாகவும் கிழங்காகவும் காப்பதற்கு இடமும் தண்ணீரும் ஆளும் ஓயாமல் வேண்டும். எந்தச் சிறு விவசாயியின் தலையிலும் அதைக் கட்டக்கூடாது.

வழி தெரியாமல் இல்லை. பெல்ஜியத்தின் லூவெனில் 1,600-க்கு மேற்பட்ட வாழை வகைகளைச் சோதனைக்குழாயில் 16 டிகிரியில் வளர்க்கிறார்கள். பலவற்றின் குருத்துத் திசுவை மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனிலும் வைத்திருக்கிறார்கள். நைட்ரஜனை இடைவிடாமல் நிரப்ப வேண்டும், சோதனைக்குழாயில் நெடுநாள் வளர்ந்த திசு சில சமயம் ரகமே மாறிப்போகும், செலவும் அதிகம் என்பவை உண்மையான ஆட்சேபங்கள். ஆகவே எல்லாவற்றையும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. கோழிக்கோட்டு நறுமணப்பயிர் நிறுவனத்தின் மஞ்சளுக்கும் கண்ணூர்க் கரும்புக்கும், நோயும் வெள்ளமும் ஒரே நேரத்தில் எட்டாத தூரத்தில் இரண்டாவது இடம் வேண்டும். முக்கியமான பெற்றோர் வகைகள் நைட்ரஜனிலும் இருக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கக் காட்டிய வேகத்தில் பாதியாவது அந்தக் கிழங்கைக் காப்பதற்கு வரட்டும். கோவையின் தேசியக் கலப்பினத் தோட்டத்துக்கு இன்றும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து கரும்பு ஆராய்ச்சியாளர்கள் பூக்கும் பருவத்தில் வந்து மகரந்தம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். 'கோ 0238'-க்கு மாற்றாக வர வேண்டியவற்றின் பெற்றோர்களும் அங்கேதான், மழையையும் கிணற்றையும் நம்பி நிற்கின்றன.