வாளையும் மகுடத்தையும் விட்டவர்கள்



1983-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிப் படத்தில், லூக் தன் ஒளிவாளை எறிந்துவிட்டுத் தந்தையைக் கொல்ல மறுக்கிறான். அத்தந்தையே பின்னர் அவன் உயிரைக் காக்கிறார். கையிலிருப்பதை விடுவதுதான் அக்கதையின் அறிவார்ந்த முடிவு.

நம் கோடிக்கரையும் இடம்பெறும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950-1954) புதினத்திலும் இதைக் காண்கிறோம். சிற்றரசர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்க, அருள்மொழிவர்மன் தனக்குரிய மகுடத்தை உத்தம சோழனுக்குச் சூட்டுகிறார். உள்நாட்டுப் போர் தவிர்க்கப்படுகிறது. இது வெறும் கற்பனையன்று. சிற்றப்பன் விரும்பும்வரை அவர் அரியணையை நாடவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. 985-இல் அரியணை அவரிடமே வந்தது. அவரே முதலாம் இராசராசன்.

ஒரு வரப்புக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் உடன்பிறப்புகள் நம்மிடையே உண்டு. முதலில் விட்டுக்கொடுப்பவர் ஏமாளியா, அறிவாளியா? சிந்திப்போம்.