உங்களுக்குத் தெரியுமா? வேனுக்குள் ஒரு வீடு!

● ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன் 1950-இல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்கென ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுதியைச் செய்தது. வார நாளில் சரக்கு வண்டி. விடுமுறையில் அந்தத் தொகுதியை உள்ளே ஏற்றிவிட்டால் படுக்கையோடு கூடிய வீடு!

● சிறிய மோட்டார்ஹோம்களில் சாப்பாட்டு மேசையே பல சமயம் கட்டிலாகும். மேசையின் காலை மடக்கி, பலகையை இரு இருக்கைகளுக்கு நடுவே விளிம்பில் இறக்கி, முதுகு மெத்தையை மேலே பரப்பினால் போதும்.

● 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. அதனால் தொட்டியைத் தாழ்வாக, அச்சுக்கு அருகில் வைப்பார்கள். அலமாரிக்குக் கனமான எம்.டி.எஃப். பலகையைவிட மெல்லிய, எடை குறைந்த ப்ளைவுட்டே நல்லது.

● சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் அறையின் அடியில் துளை இருப்பது அது வெளியேறத்தான். புதுத் தரைவிரிப்பு போடும்போது அந்தத் துளையை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

● மூடிய வண்டியில் இருவர் தூங்கினால், விடியலில் கண்ணாடியெங்கும் நீர்த்துளிகள். அந்த ஈரம் பலகைக்குப் பின்னால் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கூரைக் காற்றுவழியைச் சற்றுத் திறந்தே வையுங்கள்.

● சாதாரண இழுப்பறைகள் வளைவில் தாமாகத் திறந்துகொள்ளும். அழுத்தித் திறக்கும் பூட்டு அவசியம்.

நீங்களே வேனை வீடாக்கப் போகிறீர்களா? முதல் பலகையை அறுப்பதற்கு முன், அட்டையை அதே அளவில் வெட்டி உள்ளே நிறுத்திப் பாருங்கள். படுத்து, எழுந்து, திரும்பிப் பாருங்கள். தவறை அட்டையிலேயே திருத்திவிடலாம்!